புதுப்பிப்பு: புரண்டு படுத்தால் அறை சுழல்கிறது என்று எழுதியிருந்தேனே

போன வாரம், வலப்பக்கம் புரண்டாலே தலை சுற்றி அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது, ரத்த அழுத்தமா கழுத்தெலும்பா என்று கேட்டிருந்தேன். இரண்டும் இல்லை. காது!

மருத்துவர் என் தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பிச் சட்டென்று மல்லாக்கப் படுக்க வைத்தார், சில நொடியில் சுற்ற ஆரம்பித்தது, அப்போது என் கண்கள் தானாகத் துடித்ததைப் பார்த்துத்தான் வலது காது என்று உறுதி செய்தார். டிக்ஸ்-ஹால்பைக் சோதனையாம்.

உட்காதில் யூட்ரிக்கிள் என்ற சின்னப் பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும், ஈர்ப்பு விசையை உணர அவை வேண்டும். அவற்றில் சில கழன்று தலை சுழல்வதை உணரும் பக்கத்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், தலை நின்ற பிறகும் அவை நகர்ந்து உள்ளேயிருக்கும் திரவத்தை இழுக்கின்றன. தலை இன்னும் சுழல்கிறது என்று மூளை நம்பிவிடுகிறது. தூசி அளவு துகள் ஒரு முழு ஆளைச் சாய்க்கிறது, பாருங்கள்.

அப்புறம் எப்லி முறை. தலையை வரிசையாக நாலைந்து நிலைகளில் திருப்பி, துகளைப் பழைய இடத்துக்கே உருட்டிவிடுவது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாத்திரை போடச் சொன்னவர்களுக்கு: அது குமட்டலைக் குறைக்கும், துகளை நகர்த்தாது. ஆனால் பேச்சு குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ இது வேறு விஷயம், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இந்தத் தலைசுற்றல் திரும்ப வரலாம் என்றார் மருத்துவர். இப்போதைக்கு நடக்கும்போது லேசான தள்ளாட்டம் மட்டும் மிச்சம்.