ஹீட்டர் ஓடும்போது மட்டும் சொட்டும் குழாய்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

மடிப்பாக்கம், சென்னையிலிருந்து

வெந்நீர்க் குழாய் சொட்டினால் வாஷரையோ கார்ட்ரிட்ஜையோ மாற்றிவிடுவது நம் வழக்கம். பெரும்பாலும் அதுவே போதுமானதாகவும் இருக்கும். ஆனால் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் சொட்டி, சுவிட்சை அணைத்த சிறிது நேரத்தில் தானாகவே நின்றுவிடும் குழாயைப் பார்த்தால், குழாயை விட்டுவிட்டு முதலில் ஹீட்டரின் அடிப்பகுதியைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் குடிவந்த வாடகை வீட்டின் குளியலறையில் 25 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டர் ஒன்று ஏற்கெனவே மாட்டப்பட்டிருந்தது. காலையில் அதைப் போட்டால் கால் மணி நேரத்திற்குள் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் மிக்ஸர் குழாயின் வெந்நீர்ப் பக்கம் சொட்டத் தொடங்கும். வந்த பிளம்பர் கார்ட்ரிட்ஜை மாற்றினார். சொட்டு குறைந்ததே தவிர நிற்கவில்லை. அணைத்திருக்கும் நேரத்தில் ஒரு துளிகூட வராத குழாய் சூடேறும்போது மட்டும் சொட்டுகிறது என்றால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்றுதான் பொருள். ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் குழாயில் பொருத்தியிருந்த பாதுகாப்பு வால்வைத் துடைத்துப் பார்த்தபோது, அதன் பக்கவாட்டில் இருக்கும் சிறிய மூக்கு முழுவதையும் யாரோ எபாக்ஸி பசையால் அடைத்து, அதன்மேல் சுவர் பெயின்ட்டும் அடித்திருந்தது தெரிந்தது. சொட்டுகிறது என்று முன்பு யாரோ புகார் செய்திருக்க வேண்டும். அதற்குச் செய்த வைத்தியம் இது.

அந்த மூக்கு எதற்காக இருக்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து 75 டிகிரி வரை சூடாக்கினால் அதன் கன அளவு 2 சதவீதத்திற்குச் சற்று மேல் கூடுகிறது. 25 லிட்டர் தொட்டியில் அது ஏறத்தாழ அரை லிட்டர். மாடித் தொட்டியிலிருந்து நேராக இறங்கும் குழாயில் ஒருவழி வால்வு எதுவும் இல்லாத பழைய வீடுகளில், இந்த அரை லிட்டர் வந்த வழியே மேலே திரும்பிவிடும், யாருக்கும் தெரியாது. இப்போது ஹீட்டருடன் வரும் மல்டி ஃபங்ஷன் வால்வு என்னும் இந்தப் பாதுகாப்பு வால்வுக்குள்ளேயே ஒருவழி வால்வும் இருப்பதால், வெந்நீர் பின்னோக்கிப் போக முடியாது. எனவே அழுத்தம் ஏறி, வால்வின்மேல் பொறித்திருக்கும் அளவைத் தொட்டதும், மிகுதியான நீர் மூக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியேறுகிறது. அதை அடைத்துவிட்டால் அந்த நீர் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடும். எங்கள் வீட்டில் அது மிக்ஸராக இருந்தது நல்வாய்ப்பு. சூட்டை ஓர் அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும், அது தவறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் ஒரே நேரத்தில் பழுதாகி, வெளியேற வழியும் இல்லாமல் போனால், தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அழுத்தத்திலேயே நிற்கும். தொட்டி பிளக்கும் கணத்தில் அதில் ஒரு பகுதி நொடியில் நீராவியாக மாறி வெடிக்கும். அந்தச் சிறிய மூக்கை யாரும், எந்தக் காரணத்திற்காகவும் அடைக்கக் கூடாது.

வால்வை மாற்றிய முறையையும் சொல்லிவிடுகிறேன். ஹீட்டரின் டிபி சுவிட்சையும் மின்பலகையில் உள்ள எம்சிபியையும் அணைத்து, தண்ணீர் ஆறும்வரை காத்திருந்து, ஹீட்டருக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக்கை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே வால்வைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் தொட்டியில் இருப்பது கீழே இறங்கும் என்பதால் பக்கெட் தயாராக இருக்கட்டும். புதிய வால்வில் அம்புக்குறி ஹீட்டரை நோக்கி இருக்க வேண்டும். மாற்றி முடித்தபின், வெந்நீர்க் குழாயில் காற்று இல்லாமல் சீராகத் தண்ணீர் வரும்வரை விட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். தொட்டி நிறையாமல் போட்டால் தண்ணீரைச் சூடாக்கும் காயில் கருகிவிடும். இப்போது மூக்கின் அடியில் ஒரு பாட்டிலை வைத்துப் பார்க்கிறேன். சூடேறும்போது சொட்டுகிறது, தெர்மோஸ்டாட் கட் ஆனதும் நிற்கிறது. மிக்ஸர் காய்ந்திருக்கிறது.

இராமநாதபுரத்திலிருந்து

மடிப்பாக்கம் ஐயா எழுதியதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். யாரும் அடைக்காமலேயே அந்த மூக்கு அடைபடும். எங்கள் ஊர்ப் போர் தண்ணீர் அப்படிப்பட்டது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. எங்கள் தெருவில் சோதித்துப் பார்த்தவர்கள் அந்த மேல் வரம்பையும் தாண்டியதாகவே சொல்கிறார்கள். நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டதும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து படிகிறது. அதனால்தான் தண்ணீர்க் குழாயைவிட வெந்நீர்க் குழாயில் உப்பு சீக்கிரம் சேர்கிறது. காயிலைக் கழற்றினால் உலோகமே தெரியாது, விரல் பருமனுக்கு வெள்ளை ஓடுதான் தெரியும்.

நாங்கள் வால்வின் நெம்புகோலை அவ்வப்போது தூக்கி, நீர் தாராளமாகப் பாய்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுகிறோம். சூடான நீர் தெறிக்கலாம் என்பதால் ஹீட்டர் ஆறியிருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். தூக்கி மூடிய பிறகு, சூடேற்றாத நேரத்திலும் விடாமல் சொட்டினால், வால்வு மூடும்போது அமரும் ரப்பர் இருக்கையில் உப்புத் துகள் சிக்கியிருக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று முறை தூக்கி மூடியும் நிற்காவிட்டால் வால்வையே மாற்றிவிடுங்கள், சுத்தம் செய்து மீண்டும் மாட்ட வேண்டாம். தெர்மோஸ்டாட்டை 75-இல் வைக்காமல் 60-இல் வைத்ததில் உப்புப் படிவும் குறைந்தது.

கூடவே தொட்டிக்குள் மாட்டியிருக்கும் மெக்னீசியம் ராடையும் பாருங்கள். தொட்டியின் இரும்பை அரிக்க வேண்டிய நீர் அதற்குப் பதிலாக இந்த ராடை அரிக்கும். நடுவில் உள்ள கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் அடுத்து அரிபடப்போவது தொட்டிதான். ஹீட்டரைப் போட்டவுடன் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால், அநேகமாகக் காயிலின் உறை விரிசல் விட்டிருக்கும். ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று யோசனை சொல்லும் எலக்ட்ரீஷியனைத் தயவுசெய்து வீட்டுக்குள் விடாதீர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து

சிறுவாணித் தண்ணீர் என்பதால் எங்களுக்கு உப்புத் தொல்லை கிடையாது. எங்கள் சிக்கல் வேறு: வெந்நீர் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை, ஆனால் ஹீட்டரின் முள் முழுச் சூட்டைக் காட்டியது. காயிலை மாற்றச் சொன்னார்கள். அதற்கு முன் ஒரு சோதனை செய்தோம். ஹீட்டருக்குப் போகும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, சமையலறை வெந்நீர்க் குழாயை மட்டும் திறந்தோம். குழாயில் தேங்கியிருப்பது வடிந்ததும் தண்ணீர் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. அப்படியானால் வீட்டில் எங்கோ பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் கலக்கிறது. கைப்பிடியிலேயே அழுத்தி மூடும் ஹேண்ட் ஷவர் ஒன்று எங்கள் இரண்டாவது குளியலறையில் இருந்தது. வீட்டார் அதை மட்டும் மூடிவிட்டு, மிக்ஸரின் இரு பக்கங்களையும் திறந்தே விட்டிருந்தார்கள். இரண்டு குழாய்களும் மிக்ஸரின் வயிற்றுக்குள் ஒன்றாகியிருந்தன. மிக்ஸரை மூடியதும் வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வந்தது. காயில் செலவு மிச்சம்.

ஈஸ்ட் ஹாம், லண்டனிலிருந்து

இங்கே பாய்லர் எரிவாயுவில் ஓடுவது, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் அதுவே வெந்நீர் தருகிறது; ஆனாலும் மடிப்பாக்கத்து அரை லிட்டர் இங்கேயும் உண்டு. எங்கள் காம்பி பாய்லரின் அழுத்தமானி ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை காட்ட வேண்டும். எங்களுடையது சூடேறும்போது 3 பாரைத் தொடும், பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செப்புக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும், இரவு ஆறியபின் முள் சுழியத்திற்கு அருகில் விழுந்து பாய்லர் நின்றுவிடும். தண்ணீர் நிரப்புவதற்கான ஃபில்லிங் லூப் குழாயைத் திறந்து நிரப்பினால் மறுநாளும் அதே கதை. ரேடியேட்டரில் ஒழுக்கு தேடித் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்ப்பவர்கள் அதிகம். வெளிக் குழாய் ஈரமாக இருந்தால் அந்த வேலையை ஒத்திப்போடலாம்.

காரணம் எக்ஸ்பான்ஷன் வெஸல். விரியும் நீருக்கு இடம் கொடுப்பதற்காக ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் நீரும், நடுவில் ரப்பர்ச் சவ்வுமாக இருக்கும் பாத்திரம் அது. காற்று இறங்கிவிட்டால் விரிவதற்கு இடமில்லை. கார் டயரில் இருக்கும் வகை வால்வே அதிலும் இருக்கிறது. அதை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது, வெஸலையே மாற்ற வேண்டும். எங்களுக்குக் காற்று மட்டுமே குறைந்திருந்தது. பாய்லரின் உறையைத் திறக்கும் வேலை என்பதால் கேஸ் சேஃப் பதிவுள்ளவரைத்தான் அழைத்தோம். 2009 ஏப்ரல் முதல் பிரிட்டனில் எரிவாயு வேலைக்கு அந்தப் பதிவே சட்டப்படி தேவை. அவர் அடையாள அட்டையின் பின்புறத்தில் எந்தெந்த வேலைகளுக்குத் தகுதி என்று எழுதியிருக்கும், அதையும் படித்துப் பாருங்கள். ஒருமுறை 3 பாரில் திறந்த பாதுகாப்பு வால்வு பிறகு சரியாக மூடாமல் போவதும் உண்டு. அவர் அதையும் சேர்த்தே மாற்றினார்.

மடிப்பாக்கத்திலிருந்து மீண்டும்

சொட்டும் நீர் சுவரை நனைக்கிறதே, என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். மூக்கில் ஒரு மெல்லிய டியூபைச் செருகி, வழி நெடுகச் சரிவாகக் கீழ்நோக்கியே கொண்டுவந்து, தரையில் உள்ள நீர்ப்போக்கியின் மேல் முனை திறந்தபடி விட்டுவிடுங்கள். டியூப் எங்கும் மடங்கக் கூடாது, முனை தண்ணீரில் மூழ்கக் கூடாது, அழகுக்காகச் சுவருக்குள் பூசி மறைக்கவும் கூடாது. வெந்நீரைத் தாங்கும் டியூபாகப் பார்த்து வாங்குங்கள். மீன் தொட்டிக்கு வாங்கும் சாதாரண டியூப் சூட்டில் இளகி மடிந்துவிடும்.