அடிபட்டது கழுத்தில், தடுமாறுவது நடையில்: தொடர்பு உண்டா?

வேளச்சேரிவாசி:
அனைவருக்கும் வணக்கம். பத்து மாதங்களுக்கு முன் கிண்டியில் சிக்னலுக்காக நின்றிருந்த என் காரைப் பின்னால் வந்த வேன் இடித்தது. எலும்பு முறிவு இல்லை. ஸ்கேனும் சரியாகவே இருந்தது. ஆனாலும் கழுத்துவலி விடவில்லை. அதைவிடக் கவலை தருவது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கண்ணை மூடியதும் உடல் ஒரு பக்கமாகச் சாய்வதுதான். குழாயைப் பிடித்துக்கொண்டே குளிக்கிறேன். காதில் கோளாறு இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பிறகு ஏன் இந்தத் தடுமாற்றம்?

இயன்முறை மருத்துவர், அடையாறு:
தொடர்பு உண்டு. நிலையாக நிற்பதற்கு மூளை கண், உட்காது, தசை மூட்டுகள் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகளை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. பிடரிக்குக் கீழே மண்டையோட்டையும் முதலிரண்டு கழுத்தெலும்புகளையும் இணைக்கும் சிறு தசைகளில், தசை எவ்வளவு நீள்கிறது என்பதை உணரும் நுண்ணுறுப்புகள் மிக அடர்த்தியாக உள்ளன. அடிக்குப் பின் வலியாலும் இறுக்கத்தாலும் அவை அனுப்பும் செய்தி பிசகுகிறது. கண் திறந்திருக்கும்வரை பார்வை அதை ஈடுகட்டும், மூடினால் அந்தத் துணை போய்விடும்.

தசைகளிலும் மாற்றம் நேர்கிறது. கழுத்தெலும்பை ஒட்டி முன்புறத்தில் உள்ள ஆழ்தசைகள் சோர்ந்துவிட, காதுக்குப் பின்னாலிருந்து காறையெலும்புவரை கயிறுபோல் தெரியும் மேல்தசை அந்தச் சுமையையும் ஏற்று இறுகிக் கிடக்கிறது. தலையில் சிறு லேசர் விளக்கைக் கட்டி, சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி உட்காரவைத்து, கண்ணை மூடித் தலையைத் திருப்பி மீண்டும் நேரே கொண்டுவரச் சொல்வோம். ஒளிப்புள்ளி சுமார் 7 செ.மீ.க்கு மேல், அதாவது 4.5 பாகைக்கு மேல் விலகினால், கழுத்தின் இட உணர்வு குறைந்திருப்பதாகக் கொள்வோம்.

மயிலைக்காரி:
அந்த விளக்கு எனக்கும் கட்டப்பட்டது. நேராகத்தான் பார்க்கிறேன் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால் புள்ளி ஒரு சாண் தள்ளிக் கிடந்தது! யாரோ சொன்னார்கள் என்று இரண்டு மாதம் காலர் போட்டிருந்ததுதான் நான் செய்த தவறு. பயிற்சி எளிதுதான்: மல்லாந்து படுத்து, மேல்தசை இறுகாமல் மெல்ல 'ஆம்' என்று தலையசைப்பது, பிறகு, தினசரி நாள்காட்டியின் தேதியிலிருந்து பார்வையை எடுக்காமல் தலையை மட்டும் திருப்புவது.

இயன்முறை மருத்துவர், அடையாறு:
கை மரத்துப்போதல், சட்டைப் பொத்தான் போடச் சிரமம், கால்களில் பலவீனம், சிறுநீரை அடக்க இயலாமை இவற்றில் ஏதேனும் இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் உடனே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், தண்டுவடம் அழுந்தியிருக்கலாம்.

வேளச்சேரிவாசி:
அவை எதுவும் இல்லை. திங்கட்கிழமை லேசர் சோதனைக்குச் செல்கிறேன். அதுவரை முக்காலி போட்டு உட்கார்ந்தே குளிக்கிறேன்.