நர்ஸ் தோழியும் 'புட்' என்ற சின்னச் சொல்லும்

மாட்ரிட்டில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது கிடைத்த அனுபவம் இது. ஸ்பெயினில் 'இன்டர்காம்பியோ' என்று ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஒருவருக்குத் தேவையான மொழியிலும் அடுத்த ஒரு மணி நேரம் மற்றவருக்குத் தேவையான மொழியிலும் பேச வேண்டும். கட்டணம் கிடையாது. எனக்கு ஸ்பானிஷ் வேண்டியிருந்தது. லவாபியேஸ் பகுதியில் ஒரு காபிக் கடையில் எனக்கு அமைந்தவர் ஒரு நர்ஸ், நாற்பதை நெருங்கியவர். அயர்லாந்துக்கு வேலைக்குப் போக வேண்டும் என்று சி1 என்ற உயர்நிலை ஆங்கிலத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். "இலக்கணம் ஓரளவு வரும், கஷ்டமான வினைச்சொற்களைச் சொல்லிக்கொடு" என்றார்.

முதல் நாள் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போனேன். போஸ்ட்போன், டாலரேட், எக்ஸ்டிங்குவிஷ், இன்வெஸ்டிகேட், டிமினிஷ். பள்ளியில் நாம் தனி நோட்டு போட்டு மனப்பாடம் செய்த ரகம். அவர் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். போஸ்போனேர், தொலேரார், எக்ஸ்டிங்கிர், இன்வெஸ்திகார், திஸ்மினுயிர் என்று எல்லாமே அவர் ஏற்கெனவே தன் மொழியில் பேசும் சொற்கள்.

சரி, பட்டியல் வேண்டாம் என்று பேச ஆரம்பித்தோம். அடுத்த வாரம் எனக்கு வேலை இருந்தது. சந்திப்பைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்க "கேன் வி புட் இட் ஆஃப்?" என்றேன். அவர் முகத்தில் ஒன்றுமே புரியாத பார்வை. 'புட்' என்றால் வை. 'ஆஃப்' என்றால் சுவிட்சில் எழுதியிருப்பது. எதை அணைத்து எங்கே வைக்கச் சொல்கிறாய் என்று கேட்டார். அன்று மாலை முழுக்க அந்த ஒரு சொல்லிலேயே போனது. புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடுவது, புட் அவுட் என்றால் தீயை அணைப்பது, புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள்வது. டாலரேட் என்பதை யோசிக்காமலே புரிந்துகொண்டவருக்கு அதே பொருளுள்ள புட் அப் வித் பிடிபடவே இல்லை.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புகுந்தது. தேவாலயத்திலும் படிப்பிலும் லத்தீன் இருந்தது. அந்த வழியாக வந்த சொற்களுக்கு இன்றும் ஆங்கிலத்தில் ஒரு மிடுக்கு. அடுப்படியிலும் தெருவிலும் கெட், புட், டேக் போன்ற பழைய சொற்களே நின்றன. ஸ்பானிஷோ லத்தீனிலிருந்து பிறந்த மொழி. நமக்கு மாடி மாதிரி தெரியும் லத்தீன் வழிச் சொற்கள் அவர்களுக்குச் சொந்த வீடு, கெட், புட் இருக்கும் தரைத்தளம்தான் அந்நியம். இதைத் தாளில் வரைந்து காட்டினேன். "என் வார்டுக்கு வருகிறவர்கள் மாடியிலிருந்தா பேசுவார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நாங்கள் உருப்படியாகப் படித்தோம்.

நான் நோயாளி, அவர் நர்ஸ் என்று நடித்துப் பழகினோம். "ஐ பாஸ்ட் அவுட் திஸ் மார்னிங்" என்றேன். அவர் பேனாவை எடுத்து, மிக அக்கறையாக, "வெளியே போனீர்களா? எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மயங்கி விழுந்ததைச் சொன்னேன் என்று விளக்கினேன். நம் ஊரில் பாஸ் அவுட் என்றால் காலேஜ் முடிப்பது, அதையும் சொன்னேன். வாந்திக்கு 'வாமிட்' அவருக்குத் தெரியும். ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் 'த்ரூ அப்' என்பார். மயக்கம் தெளிந்ததை 'கேம் ரவுண்ட்' என்பார். அப்புறம் ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு உடல் உபாதையை எடுத்துக்கொண்டு, சாதாரண மனிதர் அதை எப்படிச் சொல்வார் என்று மட்டும் பார்த்தோம். தேர்வுப் புத்தகங்களில் இந்தச் சொற்களை அகரவரிசையில் அடுக்கியிருப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அப்படிப் படித்தால் நிற்காது.

தெரிந்த சொல் போலவே இருந்து ஏமாற்றும் சொற்கள்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தன. ஒருநாள் வயிற்றை அழுத்திப் பார்ப்பது போல நடித்தபடி "டஸ் திஸ் மொலெஸ்ட் யூ?" என்றார். ஸ்பானிஷில் 'மொலெஸ்தார்' என்றால் தொந்தரவு செய்வது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அது பாலியல் அத்துமீறல். நான் அர்த்தத்தைச் சொன்னதும் அவர் கையை இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு நோட்டில், தொந்தரவு செய்வதற்கு ஆங்கிலத்தில் சரியான சொல்லான 'பாதர்' என்பதைச் சிவப்பில் எழுதி இரண்டு கோடு போட்டார். அன்றைக்குத்தான் 1980இல் ஃபுளோரிடாவில் நடந்ததைச் சொன்னார். 18 வயதுப் பையன் ஒருவனை மயக்க நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்பானிஷ் பேசும் குடும்பத்தார் 'இன்டாக்சிகாதோ' என்றார்கள். உண்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் நினைத்தது. ஆஸ்பத்திரியில் அதை 'இன்டாக்சிகேட்டட்' என்று காதில் வாங்கிக்கொண்டு, போதை மருந்து அதிகமாகிவிட்டது என்று சிகிச்சை பார்த்தார்கள். உண்மையில் மூளையில் ரத்தக்கசிவு. அந்தப் பையனுக்குக் கையும் காலும் செயலிழந்துவிட்டன. இழப்பீடு, வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்து, சுமார் 7.1 கோடி டாலர். நர்ஸாக இருப்பவர் இதை எப்படி மறப்பார்.

எஸ்பெரார் என்ற ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்தில் வெயிட், ஹோப், எக்ஸ்பெக்ட் என்று மூன்று. டாக்டர் வெளியே காத்திருக்கிறார் என்பதற்கு அவர் "டாக்டர் இஸ் ஹோப்பிங் யூ அவுட்சைட்" என்பார். காத்திருப்பதும் எதிர்பார்ப்பதும் தமிழில் தனித்தனி என்பதால் எனக்கு இதில் சிக்கல் வந்ததே இல்லை.

ஆனால் நடப்பது, நகர்வதைச் சொல்லும் விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே பக்கம். ஆற்றை நீந்திக் கடந்தான் என்போம் நாம். ஸ்பானிஷிலும் அப்படியே, கடந்தான் என்பதுதான் முக்கிய வினை, நீந்துவது அதற்குத் துணை. ஆங்கிலத்தில் நீந்துவது முக்கிய வினையாகி, கடப்பது 'அக்ராஸ்' என்ற ஒட்டுச் சொல்லில் அடங்கிவிடும். லெனார்ட் டால்மி என்ற மொழியியலாளர் உலக மொழிகளை இப்படிப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அதனால் நொண்டுவது, தள்ளாடுவது, காலை இழுப்பது என்று நடையின் வகை ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு வினை வேண்டியிருக்கிறது. இதைப் படித்த மாலையை என்னால் மறக்க முடியாது. கடை வாசலில், நடைபாதையில், அவர் தன் நோயாளிகளைப் போல நடந்து காட்டினார். இடுப்பு அறுவை முடிந்த தாத்தா, ரப்பர் செருப்பைத் தரையிலிருந்து எடுக்காமலே, ஒரு கை சுவரில், அரை அடி அரை அடியாக. நான் 'ஷஃபிள்' என்றேன். அடுத்து, மருந்து ஏறியதும் எழுந்துவிட்ட பெண், இரண்டடி பக்கவாட்டில் போய் மேசையைப் பிடித்தார். 'ஸ்டேகர்.' பிறகு இரவுப் பணியில் தூங்குகிறவர்களை எழுப்பாமல் நுனிக்காலில் போகும் அவரே. 'டிப்டோ.' ஒன்றைக்கூட அவர் எழுதிவைக்கவில்லை, ஒன்றும் மறக்கவுமில்லை.

தேர்வில் தேறி அயர்லாந்து போய்விட்டார். போன வருடம் ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தார். ஒரு பாட்டி, "டாக்டர் வாஸ் கிவிங் அவுட் டு மி" என்றாராம். என்ன அர்த்தம் தெரியுமா என்று என்னைக் கேட்டார். டாக்டர் ஏதோ கொடுத்திருப்பார், மாத்திரையாக இருக்கும் என்று பதில் அனுப்பினேன். இல்லை, அங்கே அதற்குத் திட்டுவது என்று பொருளாம். மாத்திரையை நேரத்துக்குப் போடாததற்காக டாக்டர் திட்டியிருக்கிறார். இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாட்டியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.