வெயில் இறங்கும் நாட்களில் வீட்டில் கண்டது: மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

சுங்குடிக்காரி, மதுரை

அம்மாவின் பழைய சுங்குடிப் புடவைகளை அடுக்கிப் போர்வையாகத் தைத்துக்கொண்டிருந்தேன். வைகாசி பிறந்தும் வெக்கை தணியவில்லை. கொல்லைப்புற அறையில் சிமெண்டுத் தரை குளிர்ச்சியாக இருக்கும், அங்கேதான் விரித்திருந்தேன். கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கு நடுவே சாம்பல் நிறத் தெருப்பூனை ஒன்று படுத்திருக்கும். சோறு வைத்தால் நான் உள்ளே போன பிறகுதான் வந்து தின்னும். தொட விட்டதே இல்லை.

அன்று மதியம் ஜன்னல் வழியே குதித்தது. வாயில் குட்டி. நேரே வந்து, நான் ஊசி குத்திக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, புடவை மேல் குட்டியை வைத்தது. என் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனது. அடுத்த குட்டி, அதற்கடுத்தது என்று கொண்டுவந்து சேர்த்தது. கடைசிக் குட்டியை வைத்த பிறகு என் முழங்காலில் முதுகை ஒரு முறை தேய்த்துவிட்டுச் சுருண்டு படுத்தது. நூல் கோத்த ஊசியைக் கையில் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

விடிந்து பார்த்தால் அறை காலி. பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்பார்கள், தெரியும். ஆனாலும் நான் வேண்டாதவள் என்றால் ஏன் வந்தது, வேண்டியவள் என்றால் ஏன் போனது என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பந்தல்வீடு, தென்காசி

எங்கள் வீட்டுக்கு வந்தது பாம்பு. புடலைப் பந்தல் காய்ந்து கிடந்த நாட்கள். குருவிகளுக்காகக் கிணற்றடியில் வைத்திருந்த மண்சட்டியில் சாரை ஒன்று தண்ணீர் குடித்தது. அதற்கு முன் பாம்பு தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. நாக்கை நீட்டி நக்கவில்லை. வாயை நீரில் பதித்து அப்படியே இருந்தது. தாடை மட்டும் மெல்ல அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது. எலியைக் கண்டாலே ஊரைக் கூட்டும் எங்கள் கோம்பை நாய் அன்று குரைக்கவில்லை. முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நாலடி தள்ளி நின்று பார்த்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் கம்போடு வந்தார். “சாரைதான் மாமா, விட்டுவிடுங்கள்” என்று கத்தினேன். “பாம்பில் என்னம்மா நல்லது கெட்டது” என்றார். முதல் அடியில் சட்டி உடைந்தது. அடுத்த அடி தப்பவில்லை. தாகத்துக்கு வந்த உயிரை அடிப்பது எந்த ஊர் நியாயம்? அவர் என் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வளர்த்தவர். வேறு யாராவது அடித்திருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பேன்.

வரப்பு, செங்கல்பட்டு

பந்தல்வீடு அக்கா, சாரை என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? நல்லபாம்பு எந்நேரமும் படம் விரித்துக்கொண்டு திரியாது. படம் எடுக்காத நல்லபாம்பைச் சாரை என்று எண்ணிக் கிட்டே போனவர்கள் எங்கள் ஊரில் உண்டு. பெரியவரை ஒரேயடியாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் யாருக்கும் முதலில் பயம்தான் வரும். ஆனால் அடித்தது தவறு, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

என் கதை சிறியது. பரணில் மடித்து வைத்த பழந்துணிப் போர்வையை உதறியபோது, பழுப்பு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட சிறு பாம்பு விழுந்தது. கட்டுவிரியன் என்று வீடே அலறியது. அது ஓநாய்ப்பாம்பு, நஞ்சில்லாதது, பல்லி தின்ன வருவது. என் பாட்டி மட்டும் போர்வையின் மறு முனையைக் கடைசி வரை விடாமல் பிடித்திருந்தார். அந்தக் கைதான் எனக்கு நினைவில் நிற்கிறது.

ஓநாய்ப்பாம்பின் பட்டைகள் கழுத்தில் தெளிவாகத் தொடங்கி வாலுக்குப் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு: தலைப்பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து, பின்னால் தெளியும். சாரைக்குக் கண் பெரிது, உதட்டுச் செதில்களுக்கு இடையே கறுப்புக் கோடுகள் இருக்கும். இவற்றைச் சரிபார்க்க யாரும் கிட்டே போக வேண்டாம். தீயணைப்பு நிலையத்தை 101இல் அழையுங்கள், அல்லது வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடிபட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம் வளையலைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே நச்சுமுறி மருந்துதான். ஆகவே பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகத் தேவையில்லை. அந்த மருந்து தயாரிக்க நஞ்சு எடுத்துக் கொடுப்பவர்கள் எங்கள் மாவட்டத்து வடநெம்மேலியில் இயங்கும், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். பாம்போடு வாழத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

இன்னொன்று. வெக்கைக்குத் தரையில் போர்வை விரித்துப் படுப்பவர்களைத்தான் கட்டுவிரியன் இரவில் கடிக்கிறது. பெரும்பாலும் வலியே தெரியாது. கொசுவலையைக் கட்டி, அதன் ஓரங்களை விரிப்புக்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள்.

வாசல்திண்ணை, சென்னை

எனக்குப் பாம்பு இல்லை, உண்ணி. வெயில் காலத்தில் நாய் வளர்ப்பவர்களுக்கு அந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. முதுகில் விடும் சொட்டு மருந்து வாங்கினேன். வீட்டில் பூனையும் உண்டு என்று சொல்லித்தான் கேட்டேன். ஒன்றும் ஆகாது என்று கடையில் கொடுத்தார்கள். நாயும் பூனையும் ஒரே பழம்புடவை மெத்தையில் முதுகோடு முதுகு ஒட்டிப் படுப்பவை.

மறுநாள் காலை பூனையின் காது துடித்தது. ஈ உட்கார்ந்திருக்கிறது என்று கையை வீசினேன். ஈ இல்லை. காது மறுபடியும் துடித்தது. பிறகு கன்னம், தோள், கால் என்று உடல் முழுக்க நடுக்கம் இறங்கியது. மருத்துவர் மருந்துப் பெட்டியைப் புரட்டிப் பார்த்ததுமே “பெர்மெத்ரின்” என்றார். நாயின் உடல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும், பூனையின் ஈரலால் அது முடியாது என்றார். சோப்பு நீரில் குளிப்பாட்டி, நடுக்கத்துக்கு ஊசி போட்டார். பிழைத்துக்கொண்டது. இப்போதும் அது தூக்கத்தில் காதை அசைத்தால் என் வயிறு கலங்குகிறது. பூனை வைத்திருப்பவர்கள் பெட்டியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பதும் பூனையைக் கொன்றுவிடும்.

இலவமரத்தடி, போடிநாயக்கனூர்

மாமியார் தைத்த போர்வை, இரண்டு புடவைக்கு நடுவே மெல்லிசாக இலவம்பஞ்சு பரப்பியது. வெயிலில் காயட்டும் என்று கொடியில் போட்டிருந்தேன். அணில் ஒன்று அதன் மூலையைப் பிரித்துப் பஞ்சை இழுத்தது. இரு கையாலும் உருட்டி உருட்டி வாயில் திணித்து, இரு பக்கமும் பஞ்சு வழிய மாங்கிளைக்கு ஓடியது. நான் விரட்டவில்லை. ஆனிக் காற்று எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும், கூடு விழுந்தது. உள்ளே எங்கள் பஞ்சும் மாமியாரின் நீலப் புடவை இழைகளும் இருந்தன. குஞ்சுகள் இல்லை. வளர்ந்து போய்விட்டனவா, காக்கை கொண்டுபோனதா?

சுங்குடிக்காரி, தையலை நடுவில் நிறுத்தியிருந்தால் தொடருங்கள். சில சொல்ல வேண்டும். சுங்குடி சாயம் விடும். தைக்கும் முன்பே ஒவ்வொரு புடவையையும் தனித்தனியாக உப்பு நீரில் ஊறவைத்து அலசிவிடுங்கள். பருத்தியோடு பாலியஸ்டர் புடவையைச் சேர்க்காதீர்கள். பருத்தி மட்டும் சுருங்கும், போர்வை கோணிக்கொள்ளும். சரிகைக் கரையை வெட்டிவிடுங்கள், தோலைக் கீறும். நைந்த புடவை உள்ளே போகட்டும், கெட்டியானது மேலும் கீழும் வரட்டும். அடுக்குகளை முதலில் பெரிய தையலாகப் போட்டு நிறுத்திக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நூலோட்டுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி புடைத்துக்கொள்ளும். நூலில் மெழுகு தேய்த்தால் சிக்காது. பஞ்சு வைப்பதாக இருந்தால் ஓட்டங்களை நெருக்கமாகப் போட வேண்டும். இலவம்பஞ்சு வழுக்கும், இடைவெளி விட்டால் ஒரே மூலைக்கு ஓடிவிடும். அதைத் துவைக்கவும் கூடாது, திரண்டுவிடும். வெயில் காட்டினால் போதும். பூனை வீட்டில் பஞ்சே வேண்டாம் என்பேன், நகம் போட்டால் பிரிந்துவிடும்.

பந்தல்வீடு, தென்காசி

வரப்புத் தம்பி, நான் வயல்வீட்டில் பிறந்து வளர்ந்தவள். நீங்கள் சொன்ன உதட்டுக் கோடுகளை அது அடிபட்டுக் கிடந்தபோது குனிந்து பார்த்தேன். சாரைதான்.

இப்போது ஆடி. புடலையும் பீர்க்கனும் ஊன்றியாகிவிட்டது. முளைவிடும் முன்பே எலி தோண்டித் தின்கிறது. இந்தப் பந்தலில் இவ்வளவு எலியை நான் பார்த்ததில்லை. நேற்று அந்தப் பெரியவரே வந்து, வீட்டில் எலி தாங்கவில்லை, பொறி இருந்தால் கொடு என்றார். எடுத்துக் கொடுத்தேன். நாய் இருப்பதால் விஷம் வைக்க எனக்கு மனமில்லை. மீதி விதையைக் காப்பாற்ற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.