பேட்ச் போட்டாயிற்று, உள்ளே வந்தவன் போனானா? மெயில் சர்வர் அனுபவங்கள்

திருப்பூரிலிருந்து:

மெயில் சர்வர் மேல் நடந்த தாக்குதலை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் 2021 மார்ச்சைப் பற்றி எழுதுகிறேன்.

அப்போது ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். பெயர் வேண்டாம். அலுவலகத்திலேயே ஒரு எக்ஸ்சேஞ்ச் 2016 சர்வர், அதாவது மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர். பையரோடு பேச்சு, பர்சேஸ் ஆர்டர், ஷிப்பிங் ஆவணம், வங்கிக் கடிதம் என எல்லாம் அதன் வழியாகத்தான் ஓடும்.

மார்ச் 2 அன்று, நம் நேரப்படி 3ஆம் தேதி விடியுமுன், மைக்ரோசாஃப்ட் மாதாந்திர அட்டவணைக்குக் காத்திராமல் எக்ஸ்சேஞ்சுக்கு அவசர பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) விட்டது. நான்கு ஓட்டைகள். அவற்றில் சிவிஇ-2021-26855தான் கதவு (சிவிஇ என்பது ஒவ்வொரு ஓட்டைக்கும் கொடுக்கும் பதிவு எண்). பாஸ்வேர்ட் எதுவும் தேவையில்லை. வெளியிலிருந்து வெப்மெயில் வரும் வழியான 443 போர்ட்டைத் தொட முடிந்தாலே போதும், சர்வரை ஏமாற்றி அதன் அதிகாரத்திலேயே உள்ளே கோரிக்கை அனுப்பலாம். அடுத்தது 27065. அதை வைத்து சர்வரில் நினைத்த இடத்தில் கோப்பை எழுதலாம். இரண்டையும் கோத்தால் முழு சர்வரும் தாக்குபவன் கையில். இந்தச் சங்கிலிக்குத்தான் ப்ராக்ஸிலாகான் என்று பெயர் வந்தது.

பேட்ச் வந்துவிட்டது, போடவேண்டியதுதானே என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். முதலில் வந்த பேட்ச் எக்ஸ்சேஞ்ச் 2016இல் சியு 18, சியு 19 இரண்டுக்கு மட்டும்தான். சியு என்றால் கியூமுலேட்டிவ் அப்டேட், அதுவரை வந்த திருத்தங்களின் மொத்தத் தொகுப்பு. எங்கள் சர்வர் சியு 16இல் நின்றது. முதலில் புதிய சியு போட்டு, பிறகுதான் பேட்ச். சியு போடுவது மணிக்கணக்கு வேலை. அதற்கு முன்பு பேக்கப் எடுத்து முடிக்க வேண்டும். வார இறுதி வரை நேரம் கிடைக்காது என்பது தெளிவாகத் தெரிந்தது.

அதனால் முதல் வேலையாக ஃபயர்வாலில் 443ஐ வெளியுலகத்துக்கு மூடினேன். மெயில் போக்குவரத்துக்கான 25 போர்ட் திறந்தே இருந்ததால் மெயில் வருவதும் போவதும் நிற்கவில்லை. வெளியிலிருந்து வெப்மெயில் பார்ப்பதும் போனில் மெயில் வருவதும்தான் நின்றன. பத்து நிமிடத்தில் எம்டி கூப்பிட்டார்.

"என்னப்பா, போன்ல மெயிலே வரல?"

"சார், நான்தான் நிறுத்தியிருக்கேன். ஆபீஸ் சிஸ்டத்துல வரும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க சார்."

காரணத்தைச் சொன்னதும் ஒத்துக்கொண்டார். இதே நிலையில் நிர்வாகத்திடம் பேசத் தயங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன். என்ன நிற்கும், என்ன நிற்காது, எந்த நாள் திரும்பும் என்ற மூன்றையும் தெளிவாகச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

சனி இரவு சியு, ஞாயிறு காலை பேட்ச். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேட்ச் வரும் அந்த எம்எஸ்பி கோப்பை டபுள் கிளிக் செய்து ஓட்டக்கூடாது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டிலிருந்துதான் ஓட்ட வேண்டும். டபுள் கிளிக் செய்தால் எந்தப் பிழையும் காட்டாமல் முடிந்துவிடும், ஆனால் சில கோப்புகள் மாறியே இருக்காது. மைக்ரோசாஃப்ட் தன் குறிப்பிலேயே இதைச் சொல்லியிருந்தது. அதைப் படிக்காமல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, பேட்ச் முடிந்தது. அப்புறம்தான் யாராவது ஏற்கெனவே உள்ளே வந்திருக்கிறார்களா என்று பார்க்க மைக்ரோசாஃப்ட் கொடுத்திருந்த சோதனை ஸ்கிரிப்டை ஓட்டினேன். சிவப்பு எழுத்தில் வரிகள் வந்தன.

எக்ஸ்சேஞ்சின் வெப் பக்கங்களைத் தரும் ஐஐஎஸ் என்ற வெப் சர்வரின் வெப்ரூட்டில் ஆஸ்ப்நெட் கிளையன்ட் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். யாரும் எட்டிப் பார்க்காத இடம். அதில் அர்த்தமில்லாத எட்டு எழுத்துப் பெயரில் ஒரு ஏஎஸ்பிஎக்ஸ் கோப்பு (சர்வரில் ஓடும் வெப் பக்கம்). நோட்பேடில் திறந்தால் ஆஃப்லைன் அட்ரஸ் புக்கின் செட்டிங்ஸ் பட்டியல் போலவே இருக்கிறது. பெயர், போல் இன்டர்வெல் 480, சர்வர் பெயர் என்று வரிசையாக வருகிறது. எக்ஸ்டர்னல் யுஆர்எல் என்ற வரியில் மட்டும் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை வரி ஜேஸ்கிரிப்ட். வெளியிலிருந்து எதை அனுப்பினாலும் அப்படியே ஓட்டு என்பதுதான் அதன் பொருள். சைனா சாப்பர் வகை வெப்ஷெல், அதாவது வெளியிலிருந்து சர்வரை இயக்கும் ரகசிய வெப் பக்கம்.

கோப்பின் தேதி பிப்ரவரி 28. பேட்ச் பிறப்பதற்கே முன்பு!

இதைத்தான் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். திருடன் பரணில் இருக்கும்போது வாசலுக்குப் புதுப் பூட்டு போட்டால் என்ன பயன்? பேட்ச் அந்த ஏஎஸ்பிஎக்ஸ் கோப்பைத் தொடவே இல்லை. தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்சு சாய் இந்த ஓட்டையை மைக்ரோசாஃப்டிடம் சொன்னது ஜனவரி 5. வோலெக்ஸிட்டி நிறுவனம் அந்த ஜனவரியிலேயே உண்மையான தாக்குதல்களைப் பார்த்துவிட்டது. ஆக, மார்ச் 3 அன்று காலையிலேயே பேட்ச் போட்டவர்கூட உள்ளே தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

கோப்பைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, ஐஐஎஸ் லாகில் (வந்த கோரிக்கைகளின் பதிவேடு) அந்தப் பெயருக்கு வந்த போஸ்ட் கோரிக்கைகளை, அதாவது அந்தக் கோப்புக்குத் தரவு அனுப்பிய கோரிக்கைகளைத் தேடினேன். சில இருந்தன. அது தெரிந்த பிறகு அந்த மெஷினை நம்புவதற்கில்லை. புதிதாக ஒரு சர்வர் கட்டி, மெயில்பாக்ஸ்களை நகர்த்தி, பழையதை அழித்தோம். சர்வீஸ் அக்கவுன்ட் உட்பட எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினோம். பெரிய வேலைதான். ஆனால் கோப்பை மட்டும் நீக்கிவிட்டு நகர்ந்த சில இடங்களில் அதே ஆண்டு மீண்டும் தொல்லை வந்ததைக் கேள்விப்பட்டேன்.

மதுரையிலிருந்து:

அண்ணா, நீங்கள் சொன்னது எக்ஸ்சேஞ்சுக்கு மட்டுமில்லை. எங்கள் கல்லூரியில் ஓடியது சிம்ப்ரா என்ற மெயில் சர்வர், சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் மேல். 2022 செப்டம்பரில் அதில் சிவிஇ-2022-41352 என்ற ஓட்டை வெளியே வந்தது.

அது நடக்கும் விதம்தான் பயங்கரம். வரும் மெயிலில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க அமாவிஸ் என்ற சோதனை நிரல் இணைப்பைப் பிரிக்கும். பேக்ஸ் என்ற நிரல் இருந்தால் அதை வைத்துப் பிரிக்கும், இல்லையென்றால் சிபிஐஓ என்ற நிரல். அந்த சிபிஐஓவுக்குத் தனக்குக் கொடுத்த ஃபோல்டருக்குள் நிற்கத் தெரியாது. ஆகவே தயாரித்த ஒரு இணைப்பை அனுப்பினால், பிரிக்கும்போதே வெப்மெயிலின் பப்ளிக் ஃபோல்டரில் ஒரு ஜேஎஸ்பி கோப்பு, அதாவது நீங்கள் சொன்ன ஏஎஸ்பிஎக்ஸ் போன்ற வெப்ஷெல், போய் உட்கார்ந்துவிடும். யாரும் மெயிலைத் திறக்கக்கூட வேண்டாம். உபுண்டு லினக்ஸில் பேக்ஸ் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், அதனால் தப்பித்தார்கள். சென்ட்ஓஎஸ்ஸில் பெரும்பாலும் இல்லை. பேக்ஸை நிறுவி அமாவிஸை ரீஸ்டார்ட் செய்வதுதான் அன்றைக்குச் சொல்லப்பட்ட மருந்து. ஐந்து நிமிட வேலை.

செய்துவிட்டு ஜேஎஸ்பி தேடினோம், ஒன்று கிடைத்தது. அதை எடுத்த பிறகும் எங்கள் சீனியர் மேடம் விடவில்லை. "எதுக்காக வந்தான்னு பாருப்பா" என்றார். ஒவ்வொரு அக்கவுன்ட்டிலும் ஃபார்வர்டிங் முகவரியைக் கமாண்ட் வழியாக எடுத்துப் பார்த்தோம். சிம்ப்ராவில் இரண்டு வகை ஃபார்வர்ட் உண்டு. ஒன்று பயனர் தன் செட்டிங்ஸில் பார்ப்பது. இன்னொன்று அட்மின் பக்கத்திலிருந்து வைப்பது, பயனர் கண்ணுக்கே தெரியாது. நிதிப் பிரிவின் அக்கவுன்ட்டில் அந்த இரண்டாம் வகையில் வெளி முகவரி ஒன்று இருந்தது. வெப்ஷெல்லை எடுத்தும் பேட்ச் போட்டும் அந்தப் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு மெயிலின் நகலும் வெளியே போய்க்கொண்டிருந்தது.

அந்த மேடத்துக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

சேலத்திலிருந்து:

அண்ணா, நான் புதிது. ஒரு சின்ன ஹோஸ்டிங் நிறுவனத்தில் ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். 2025 ஜூனில் அதில் வந்த சிவிஇ-2025-49113 என்ற ஓட்டையை லாகின் ஆனவரால்தான் பயன்படுத்த முடியும் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் அவ்வளவு அவசரமில்லைதானே?

திருப்பூரிலிருந்து:

தம்பி, அவசரம்தான். உங்கள் சர்வரில் எத்தனை மெயில்பாக்ஸ்? அதில் ஒருவருடைய பாஸ்வேர்ட் கசிந்திருந்தாலே லாகின் ஆகிவிட்டது. அங்கிருந்து சர்வரில் கமாண்ட் ஓட்டலாம். அந்த ஓட்டை பத்து வருடமாக உள்ளேயே இருந்திருக்கிறது. பேட்ச் வெளிவந்ததும் பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒப்பிட்டு எங்கே ஓட்டை என்று தாக்குபவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். உங்கள் ரவுண்ட்கியூப் 1.6 வரிசையில் 1.6.11க்கோ 1.5 வரிசையில் 1.5.10க்கோ கீழே இருந்தால் இன்றைக்கே ஏற்றுங்கள்.

எது அவசரம் என்று தெரியாமல் குழம்பினால் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஸா வைத்திருக்கும் கேஇவி பட்டியலைப் பாருங்கள். நிஜத் தாக்குதலில் பயன்பட்டதாக உறுதியான ஓட்டைகள் மட்டும் அதில் இருக்கும். ஓட்டையின் தீவிரத்துக்குப் பத்துக்குப் போடும் மதிப்பெண் 9.8ஆ 7.2ஆ என்பதைவிட எனக்கு அந்தப் பட்டியல்தான் முக்கியம். ஆனால் ஒரு ஓட்டை அதில் ஏறும் வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று. ஏற்றிய பிறகு பழைய லாகைத் துடைத்துவிடாதீர்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். முதலில் வெர்ஷன் எண்ணைப் பார்த்து இங்கே எழுதுங்கள். லாகில் எதைத் தேடுவது என்று நானும் மதுரைத் தம்பியும் சொல்கிறோம்.