மகள் கபடியில் தொடரலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பள்ளிக் கபடி அணியில் ரெய்டு போக (எதிரணிப் பக்கம் பாடிப் போய்த் தொட்டு வர) விடுவதில்லையாம், கார்னரில் (தடுப்பவர்கள் வரிசையின் ஓரத்தில்) கைகோத்து நிற்கிறாள். நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நான் கல்லூரியில் நான்கு வருடம் இடது கார்னர். பாடி வரும் ரெய்டருக்கு ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. கணுக்காலை நான் பிடித்தாலும், பக்கத்தில் நிற்பவள் உடனே வந்து விழாவிட்டால் பிடி நிற்காது. அவளை நம்பித்தான் பாய்வேன். அப்புறம், அவுட்டாகி வெளியே உட்கார்ந்தால் நாமாக உள்ளே வர முடியாது, அணி ஒருவரை அவுட்டாக்கினால்தான் வரலாம். ஒருமுறை நான் வெளியே உட்கார்ந்திருந்தபோது, அப்படித் தொட்டுவிட்டுத் திரும்பிய எங்கள் ரெய்டர், மூச்சு வாங்க என் பெயரைத்தான் கத்தினாள். இன்றும் அந்தக் குரல் காதில் இருக்கிறது.

இன்னொருவர்: மூன்று பேரே மிஞ்சி நின்று ரெய்டரைப் பிடித்தால் சூப்பர் டேக்கிள், 2 புள்ளி. அப்போது உங்கள் மகள் முகத்தைப் பாருங்கள்.

கேட்டவர்: சரி, சனிக்கிழமை மேட்சுக்குப் போகிறேன்.