பிப்ரவரி 29 பிறந்தநாள்: மூன்று இடத்தில் மூன்று தேதி, எதை வைத்துக்கொள்வது?

திருநகர் பேக்கரிக்காரர்:
வணக்கம். திருநகரில் சிறிய பேக்கரி நடத்துகிறேன். வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாளைக் குறித்துவைத்து, முன்கூட்டியே அழைத்து கேக் ஆர்டர் கேட்பது வழக்கம். அவர்களில் ஒரு சிறுமி 29-02-2020 அன்று பிறந்தவள். கைபேசி நாள்காட்டியில் 'ஆண்டுதோறும்' என்று போட்டிருந்தேன். 2025-இல் மூச்சுக்கூட விடவில்லை. தள்ளித் தள்ளிப் பார்த்தால் 2028-இல்தான் மறுபடி தலைகாட்டுகிறது. கடைக் கணினியில் உள்ள எக்செல் பட்டியலோ மார்ச் 1 என்கிறது. பில் போடும் மென்பொருள் பிப்ரவரி 28 அன்றே வாழ்த்து அனுப்பிவிட்டது. குழந்தையின் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார், எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை. பேசாமல் எல்லாவற்றிலும் 28 என்று மாற்றிவிடட்டுமா?

மேலூர் நிரலாளர்:
அண்ணே, மாற்றாதீர்கள். மூன்றில் எதுவும் கெட்டுப்போகவில்லை. இல்லாத தேதியை என்ன செய்வது என்று ஆளுக்கொரு முடிவு எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நாள்காட்டிச் செயலிகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள ஐகேலண்டர் என்ற பொது வடிவம் இருக்கிறது. 2009-இல் வந்த அதன் விதித்தொகுப்பு ஆர்.எஃப்.சி. 5545 (ஆர்.எஃப்.சி. என்பது இணையத் தொழில்நுட்ப விதிகளை எண்ணிட்டு வெளியிடும் ஆவண வரிசை). திரும்பத் திரும்ப வரும் நிகழ்வு ஒன்று இல்லாத தேதியில் விழுந்தால், அந்த முறையை விட்டுவிட வேண்டும் என்பது அதில் உள்ள கட்டளை. உங்கள் கைபேசி அதை அப்படியே கடைப்பிடித்திருக்கிறது. முந்தைய நாளுக்கோ மறுநாளுக்கோ நகர்த்தும் வசதியை 2015-இல் ஆர்.எஃப்.சி. 7529 சேர்த்தது. எல்லாச் செயலிகளும் அதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை.

எக்செல் கதை இன்னும் வேடிக்கை. டேட் சூத்திரத்தில் 2025, 2, 29 என்று கொடுத்தால், மிஞ்சிய ஒரு நாளை அடுத்த மாதத்தில் தள்ளி மார்ச் 1 ஆக்கும். அதே எக்செலில் ஈடேட் சூத்திரத்தைக் கொண்டு மாதங்களைக் கூட்டினால் பிப்ரவரி 28 வரும். ஜாவா என்ற நிரல்மொழியும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளும்கூட 'ஓர் ஆண்டு கூட்டு' என்றால் 28-க்குத்தான் இறங்கும். உங்கள் பில் மென்பொருளும் அந்த வகையாக இருக்கலாம்.

இதில் ஒளிந்திருக்கும் கண்ணி ஒன்றைச் சொல்கிறேன். பிறந்த தேதியோடு நேரடியாக எட்டு ஆண்டுகளைக் கூட்டினால் 29-02-2028 சரியாக வரும். சில நிரல்களோ சென்ற ஆண்டின் விடையோடு ஓர் ஆண்டைக் கூட்டிக்கொண்டே போகும். 2021-இல் ஒருமுறை 28-க்கு இறங்கியது பிறகு ஏறவே ஏறாது. 29 இருக்கிற 2028-இலும் 28-இல்தான் வாழ்த்து போகும். ஆகவே பிறந்த தேதியை மூலப் பதிவில் 29 என்றே வைத்திருங்கள்.

நினைவூட்டலுக்கு வழி இருக்கிறது. 'பிப்ரவரி 29' என்று சொல்லாமல் 'பிப்ரவரியின் கடைசி நாள்' என்று சொல்ல வேண்டும். ஐகேலண்டர் விதியில் மாதம் 2, நாள் -1 (அதாவது மாத முடிவிலிருந்து எண்ணி முதல் நாள்). கூகுள் காலண்டரில் 'பிறந்தநாள்' என்று தனி வகை இருக்கிறது. பிப்ரவரி 29 பிறந்தநாளுக்கு இந்த விதியைத்தான் தர வேண்டும் என்று நிரலாளர்களுக்கான அதன் ஆவணமே சொல்கிறது. சாதாரண நிகழ்வாகப் போடாமல் அந்த வகையில் போடுங்கள்.

குடும்பத்தார் மார்ச் 1 கொண்டாடுகிறவர்கள் என்றால், 'ஆண்டின் 60-ஆம் நாள்' என்ற விதி. லீப் ஆண்டில் அது பிப்ரவரி 29, மற்ற ஆண்டுகளில் மார்ச் 1. இதைச் செயலியின் திரையில் தேடிப் பயனில்லை. விதியைக் கோப்பாக எழுதித்தான் ஏற்ற வேண்டும்.

தல்லாகுளம் ஓய்வாசிரியர்:
நம் ஊருக்கும் இந்தத் தேதிக்கும் உறவு உண்டு. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மதுரையில் பிறந்தது 29-02-1904 அன்றுதான். முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் பிறந்தது 29-02-1896. 1900 லீப் ஆண்டு அல்ல என்பதால், மொரார்ஜி எட்டு வயது வரை காத்திருந்து பார்த்த முதல் பிப்ரவரி 29-இல்தான் ருக்மிணி தேவி பிறந்திருக்கிறார். 2100-உம் லீப் ஆண்டு அல்ல.

தம்பி, பெற்றோரிடம் தமிழ்த் தேதியையும் கேளுங்கள். 29-02-2020 மாசி 17. 2025-இல் மாசி 17 வந்தது மார்ச் 1 அன்று. நட்சத்திரம் பார்த்துக் கோயிலில் அர்ச்சனை செய்கிற வீடு என்றால், மாசிக்குள் அந்த நட்சத்திரம் வருகிற நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் கணினிக்கு அது சுத்தமாகப் பிடிபடாது.

வில்லாபுரம் வாசகி:
இவ்வளவு எதற்கு? கேக் ஆர்டரைப் பிறந்தநாளன்றா கேட்பீர்கள்? பிப்ரவரி 25-க்கு ஆண்டுதோறும் நினைவூட்டல் வையுங்கள். அந்தத் தேதி எல்லா ஆண்டிலும் உண்டு. அழைத்து, "இந்த முறை எந்த நாளில் வெட்டுகிறீர்கள்?" என்று கேட்டால் முடிந்தது. நட்சத்திரம் முன்பே வந்துவிடும் ஆண்டுகளும் உண்டு, அதற்கு மட்டும் மாசி பிறந்ததும் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

திருநகர் பேக்கரிக்காரர்:
அனைவருக்கும் நன்றி. குழந்தையின் அம்மாவிடம் பேசினேன். கோயில் நட்சத்திரப்படி, கேக் 28 அன்று, லீப் ஆண்டில் மட்டும் 29 என்றார். அக்கா சொன்னபடி 25-க்கு நினைவூட்டல் வைத்துவிட்டேன். தம்பி சொன்ன பிறந்தநாள் வகையிலும் போட்டுப் பார்த்தேன்: 2027-இல் 28, 2028-இல் 29 காட்டுகிறது. எக்செலில் டேட் சூத்திரத்தை எடுத்துவிட்டு ஈடேட் போட்டாயிற்று. பில் மென்பொருள்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தக் குழந்தைக்கு மட்டும் தானியங்கி வாழ்த்தை நிறுத்திவைத்திருக்கிறேன்.

மேலூர் நிரலாளர்:
அவர் பதில் சொன்னால், 2028-க்கு என்ன தேதி வருகிறது என்று மட்டும் கேளுங்கள் அண்ணே. 28 என்றால் நான் சொன்ன கண்ணிதான்.